கேடி கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தவள் சொல்வது

2022 கடைசியில் எங்கள் ப்ராஜெக்ட் வேறு நாட்டுக்குப் போகிறது, என் வேலையை அங்குள்ளவர்களுக்கு நானே சொல்லிக்கொடுக்க வேண்டும் (இதைத்தான் கேடி, நாலெட்ஜ் டிரான்ஸ்ஃபர் என்பார்கள்) என்று தெரிந்தபோது, அடுத்து என்ன நடக்கும் என்று கேட்க எனக்கு ஒரு ஆள் கிடைக்கவில்லை. கூட வேலை பார்த்தவர்கள் எல்லோரும் என்னைப் போலவே பயந்துபோய் வாயை மூடிக்கொண்டிருந்தார்கள். வீட்டில் சொன்னால் அம்மாவுக்கு பிரஷர் ஏறும். அந்த நேரத்தில் யாராவது ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து, "இது இப்படித்தான் நடக்கும், இதில் இன்றைக்கே கையெழுத்துப் போடாதே, அந்தப் பணத்தைத் தொடாதே" என்று சொல்லியிருந்தால் எனக்குச் சில லட்சங்கள் மிச்சமாகியிருக்கும், ஒரு வருஷத் தூக்கமும் கெட்டிருக்காது. அதனால்தான் இதை விவரமாக எழுதுகிறேன். பணக் கணக்கையும் சேர்த்தே சொல்கிறேன். வேலை போனவர்கள் வெளியே சொல்லக் கூசுவது அதைத்தான், அடுத்தவருக்கு உதவுவதும் அதுதான்.

எனக்குச் சொந்த ஊர் காட்பாடி. இந்தப் பக்கத்திலேயே இன்ஜினியரிங் முடித்து 2012 தொடக்கத்தில் சென்னையில் ஒரு பெரிய ஐடி கம்பெனியில் சேர்ந்தேன். அமெரிக்காவில் இருக்கும் ஒரு மருத்துவ இன்சூரன்ஸ் கம்பெனிதான் எங்கள் கிளையன்ட். ஆஸ்பத்திரிகள் அனுப்பும் பில்கள் 837 என்ற வடிவத்தில் உள்ளே வரும். மெயின்பிரேம் என்ற பெரிய கம்ப்யூட்டரில், கோபோல் (COBOL) என்ற பழைய மொழியில் எழுதிய ப்ரோக்ராம்கள் அதை ராத்திரி முழுக்க அலசி, எதற்குப் பணம், எதற்கு இல்லை என்று முடிவு செய்யும். பதில் 835 ஆக வெளியே போகும். அந்த ராத்திரி ஓட்டத்தில் எந்த ஜாப் (தானாக ஓடும் ப்ரோக்ராம்) நின்றாலும் எழுந்து சரிசெய்வது என் வேலை. பதினோரு வருஷம் அதையேதான் பார்த்தேன். கடைசியில் கையில் வந்த சம்பளம் மாதம் சுமார் 95,000 ரூபாய்.

நான் சேர்ந்தபோது எனக்கு கேடி கொடுத்தவர் ஒரு அமெரிக்கப் பெண்மணி. அவருடைய வேலைதான் எங்களுக்கு வந்தது. அது அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். போனில் அவர் குரல் ஒரு நாளும் மாறியதில்லை. ஒவ்வொரு ஜாபும் எப்படி ஓடும் என்று பொறுமையாகச் சொல்லுவார். ஆனால் ஒரு விதி ஏன் அப்படி இருக்கிறது என்பதை நாம் கேட்டால்தான் சொல்லுவார். எங்களில் யாரும் பெரிதாகக் கேட்கவில்லை, டாக்குமென்ட் நிரம்பினால் போதும் என்று இருந்தது. 2015 அக்டோபர் 1ஆம் தேதி அமெரிக்கா முழுக்க நோய்க் குறியீடு ஐசிடி 9 இலிருந்து ஐசிடி 10க்கு மாறியது. சுமார் 14,000 குறியீடுகள் இருந்த இடத்தில் சுமார் 68,000 வந்தன. அந்த மாற்றத்தின்போது பழைய விதிகளின் காரணம் தெரியாமல் எங்கள் டீம் திணறியது. கிளையன்ட் அந்தப் பெண்மணியைத் தேடிப்பிடித்து, ஒப்பந்த அடிப்படையில், முன்பைவிட அதிகப் பணம் கொடுத்து வைத்துக்கொண்டார்கள். அவருடைய செய்முறை முழுக்க எங்கள் கையில் இருந்தது, காரணம் மட்டும் அவரிடம் இருந்தது. அன்றைக்கு அதை ஒரு செய்தியாகக் கேட்டுக்கொண்டேன். என் தலைக்கு வந்தபோதுதான் அதன் கனம் தெரிந்தது.

வேலை எங்கே போனது என்பதையும் சொல்ல வேண்டும். எல்லோரும் நினைப்பது, நம்மைவிட மலிவான நாட்டுக்குப் போயிருக்கும் என்று. எங்களிடமிருந்து போனதில் பாதி மெக்சிகோவில் குவாதலஹாராவுக்குப் போனது. அங்கே ஒரு ஆளுக்கு ஆகும் செலவு எங்களைவிட அதிகம் என்று எங்கள் மேனேஜரே சொன்னார். ஆனால் கிளையன்ட் ஆபீஸில் காலை பத்து மணி என்றால் அங்கேயும் ஏறக்குறைய அதே நேரம். ஒரு சந்தேகம் என்றால் அப்போதே பேசிக்கொள்ளலாம், மறுநாள் வரை காத்திருக்க வேண்டாம். மீதிப் பாதி யாரிடமும் போகவில்லை. நின்ற ஜாபைத் தானாகவே திரும்ப ஓடவைக்கும் ஒரு டூலும், அதைப் பார்த்துக்கொள்ள நாலு பேரும் போதும் என்று ஆகிவிட்டது. ஆக, நான் என் சம்பளத்தைப் பாதியாகக் குறைத்துக்கொண்டிருந்தாலும் அந்த வேலை நின்றிருக்காது. "விலையைக் குறைத்தால் பிழைக்கலாம்" என்று யாராவது யோசனை சொன்னால் நான் இந்தக் கதையைத்தான் சொல்லுவேன்.

கேடி கொடுக்கிற மாதங்கள் மனசுக்குக் கொடுமையானவை. முதலில் நாம் சொல்ல அவர்கள் கேட்பார்கள். பிறகு ஷேடோ, நாம் செய்ய அவர்கள் பார்ப்பார்கள். அப்புறம் ரிவர்ஸ் ஷேடோ, அவர்கள் செய்ய நாம் பார்ப்போம். ஒவ்வொன்றும் ரெக்கார்டு ஆகும். எதிர்ப்பக்கம் ஒரு சின்னப் பையன், கல்யாணம் ஆகி ஒரு வருஷம்தான் ஆகிறதாம், ரொம்ப மரியாதையாகப் பேசுவான். அவன்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. போன் கால் முடிந்ததும் பாத்ரூமில் போய் அழுதுவிட்டு வருவேன். இந்தக் கட்டத்தில் இருப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். கேடியை ஒழுங்காகக் கொடுங்கள். மறைத்து வைப்பதால் வேலை நிற்காது, பெயர்தான் கெடும். ஆனால் அதே வாரங்களில் உங்களுக்கென்று ஒரு நோட்டும் போட்டுக்கொள்ளுங்கள். கம்பெனியின் ப்ரோக்ராமோ கிளையன்ட் டேட்டாவோ அதில் ஒரு வரி கூட இருக்கக் கூடாது, அது சட்டப்படி தப்பு. நீங்கள் எந்த மாதிரிப் பிரச்சினைகளைத் தீர்த்தீர்கள், எப்படிக் கண்டுபிடித்தீர்கள், அதனால் என்ன மிச்சமானது என்று உங்கள் வார்த்தையில் எழுதி வையுங்கள். பின்னால் ரெஸ்யூமே எழுதும்போது "பதினோரு வருஷம் சப்போர்ட்" என்ற ஒற்றை வரிக்கு யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

அதன்பின் பெஞ்ச், அதாவது ப்ராஜெக்ட் எதுவும் இல்லாமல் காத்திருப்பது. உள்ளுக்குள்ளேயே வேறு ப்ராஜெக்டுக்கு இன்டர்வியூ, எங்கே போனாலும் கிளவுட் தெரியுமா, பைத்தான் தெரியுமா என்று கேட்டார்கள். 2023 கோடையில் ஒரு நாள் எச்ஆர் கூப்பிட்டு, "நீங்களே ரிசைன் பண்ணிட்டா ரிலீவிங் லெட்டர் நல்லபடியா வரும். இல்லேன்னா டெர்மினேஷன்னு போட வேண்டியிருக்கும்" என்றார்கள். அன்று சாயந்திரத்துக்குள் மெயில் அனுப்பச் சொன்னார்கள். கை நடுங்கியது. அனுப்பிவிட்டேன்.

இந்த இடத்தில் நிறைய சொல்ல வேண்டியிருக்கிறது. அப்போது நடப்பில் இருந்த 1947ஆம் வருஷத்துத் தொழில் தகராறு சட்டப்படி, ஒரு வருஷம் தொடர்ந்து வேலை செய்த தொழிலாளியை ஆட்குறைப்பு செய்தால் ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கான சம்பளம் தர வேண்டும், வேலை செய்த ஒவ்வொரு வருஷத்துக்கும் பதினைந்து நாள் சராசரிச் சம்பளம் இழப்பீடாகத் தர வேண்டும். ஐடி கம்பெனிகளுக்கும் இந்தச் சட்டம் பொருந்தும் என்று தமிழக அரசு 2016லேயே தெளிவுபடுத்தியிருக்கிறது. பதவிப் பெயரில் 'லீட்' என்று இருப்பதால் மட்டும் ஒருவர் தொழிலாளி இல்லை என்று ஆகிவிடாது, உண்மையில் என்ன வேலை செய்தார் என்பதைத்தான் பார்ப்பார்கள். ஆனால் நாமே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டால் அது ஆட்குறைப்பு என்ற கணக்கிலேயே வராது. அவர்கள் அவசரப்படுத்தியதன் காரணம் எனக்கு அப்புறம் ஒரு வக்கீல் சொல்லித்தான் புரிந்தது. 2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துவிட்டன. அதனால் இப்போது இந்த நிலைமையில் இருப்பவர்கள் இன்றைய விதியை ஒரு தொழிலாளர் வக்கீலிடமோ ஐடி ஊழியர் சங்கத்திலோ கேட்டுக்கொள்ளுங்கள். எந்த விதி இருந்தாலும், அந்த அறையில் நீங்கள் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: "நீங்க சொன்னதை மெயில்ல அனுப்புங்க, வீட்ல பேசிட்டுச் சொல்றேன்." ராத்திரி ஒரு தூக்கம் போட்டுவிட்டுப் பதில் எழுதுங்கள்.

செட்டில்மென்ட் தாளில் ஒரு பெரிய தொகை இருந்தது. பார்த்ததும் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. அப்புறம் பிரித்துப் பார்த்தால் அதில் 2,47,500 ரூபாய் கிராஜுவிட்டி, அதாவது பணிக்கொடை. என் பேசிக், அதாவது அடிப்படைச் சம்பளம், 39,000. அதை 26ஆல் வகுத்து 15ஆல் பெருக்கினால் 22,500, பதினோரு வருஷத்துக்கு இந்தத் தொகை. அது கம்பெனி இரக்கப்பட்டுக் கொடுப்பது இல்லை, அப்போது நடப்பில் இருந்த 1972ஆம் வருஷத்துச் சட்டப்படி எனக்குச் சேர வேண்டியது, ராஜினாமா செய்தாலும் சேர வேண்டியது. அதைக் கழித்துப் பார்த்தால் அவர்களாகக் கொடுத்தது இரண்டு மாத பேசிக் மட்டும். முழுச் சம்பளம் கூட இல்லை. ஆகவே தாளைக் கையில் வாங்கியதும் கிராஜுவிட்டி, லீவு சம்பளம், நோட்டீஸ் சம்பளம் மூன்றையும் தனித்தனியாகப் பிரியுங்கள். மிச்சம் நிற்பதுதான் பேரம் பேச வேண்டிய தொகை.

எனக்கு இதைவிடப் பெரிய அடி இன்சூரன்ஸில் விழுந்தது. கம்பெனியின் குரூப் பாலிசியில் அம்மாவும் இருந்தார்கள். கடைசி வேலை நாளோடு அது முடிந்துவிட்டது. சில வாரங்களிலேயே அம்மாவுக்கு நெஞ்சுவலி, ஆஞ்சியோ செய்து ஸ்டென்ட் வைத்தார்கள். வேலூரில் ஆஸ்பத்திரிக்குக் குறையில்லை, அம்மா பிழைத்தார்கள், அதற்குக் கடவுளுக்கு நன்றி. ஆனால் 1,90,000 ரூபாய் கையிலிருந்து போனது. கிராஜுவிட்டியில் முக்கால்வாசி அதற்கே சரி. குரூப் பாலிசியிலிருந்து அதே இன்சூரன்ஸ் கம்பெனியின் தனிநபர் பாலிசிக்கு மாறிக்கொள்ள விண்ணப்பிக்கலாம் என்பதும், அப்படி மாறினால் ஏற்கெனவே காத்திருந்த காலமும் கணக்கில் வரும் என்பதும் எனக்கு அப்போது தெரியாது. யாரும் சொல்லவும் இல்லை. வேலையில் இருக்கும்போதே இதை விசாரியுங்கள். முடிந்தால் இன்றைக்கே பெற்றோருக்குத் தனியாக ஒரு பாலிசி எடுத்துவிடுங்கள். ஐடியில் இருப்பவர்கள் திறமையை வளர்க்க வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஆஸ்பத்திரி பில் கையில் இருக்கும்போது யாராலும் எதையும் படிக்க முடியாது, அதனால் இதை முதலில் சொல்கிறேன்.

பெருங்களத்தூரில் வாங்கிய ஃப்ளாட்டுக்கு 30 லட்சம் கடன் இருந்தது. 2022 மே முதல் 2023 பிப்ரவரிக்குள் ரிசர்வ் வங்கி, வங்கிகளுக்குக் கொடுக்கும் கடனுக்கான ரெப்போ வட்டியை 4 சதவீதத்திலிருந்து 6.5 ஆக்கியது. 23,000 சொச்சம் கட்டிக்கொண்டிருந்த தவணை 27,000ஐத் தாண்டிவிட்டது. ஃப்ளாட்டை வாடகைக்கு விட்டுவிட்டுக் குழந்தைகளோடு காட்பாடிக்கு வந்துவிட்டோம். என் வீட்டுக்காரருக்கு இங்கே ஒரு லேபில் வேலை கிடைத்தது. எனக்குத்தான் வெளியே தலைகாட்ட முடியவில்லை. எதிர்வீட்டு அக்கா, "என்னம்மா, ஒர்க் ஃப்ரம் ஹோமா?" என்று கேட்பார்கள். ஆமாம் அக்கா என்பேன். பிள்ளை ஸ்கூலில் அம்மா என்ன வேலை என்று கேட்ட ஃபாரத்தை ரொம்ப நேரம் கையில் வைத்துக்கொண்டிருந்தேன். ராத்திரி ஷிஃப்ட் பார்த்துப் பழகிய உடம்பு, இரண்டு மணிக்கு முழிப்பு வந்துவிடும். "இன்னா பண்ணலாம்னு அப்பறம் பாக்கலாம், மொதல்ல தூங்கு" என்று வீட்டுக்காரர் சொல்லுவார். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அந்த மாதங்களைக் கடந்தேன். பணக் கஷ்டத்தில் பிஎஃப்பில் அப்போதைய விதிப்படி எடுக்க முடிந்த 75 சதவீதத்தில் பெரும்பகுதியை எடுத்துவிட்டோம். 8 சதவீதத்துக்கு மேல் வட்டி வந்துகொண்டிருந்த பணம் அது. பிஎஃப் எடுக்கும் விதிகளும் இப்போது மாறிவிட்டன, பார்த்துக்கொள்ளுங்கள். ஆறு மாதத் தவணைக்கான பணம் தனியாக ஒரு டெபாசிட்டில் இருந்திருந்தால் பிஎஃப்பைத் தொட வேண்டி வந்திருக்காது.

அடுத்து, எல்லோரும் செய்வதைச் செய்தேன். "100 சதவீத வேலை உத்தரவாதம்" என்று சொன்ன ஒரு கோர்ஸில் 75,000 ரூபாய் கட்டினேன். வகுப்பு எல்லாம் பழைய வீடியோக்கள். வேலை என்று அனுப்பியது ஃப்ரெஷர்களுக்கான விளம்பர லிங்குகள். 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவு செய்த பிறகு 30,000 திருப்பிக் கொடுத்தார்கள், மிச்சம் போனது போனதுதான். உத்தரவாதம் என்று வாயால் சொன்னால் அதை ஒப்பந்தத்தில் காட்டச் சொல்லுங்கள். எந்தச் சம்பளத்துக்குக் குறையாமல், எத்தனை மாதத்துக்குள், கிடைக்காவிட்டால் எவ்வளவு திரும்ப வரும் என்று எழுத்தில் இல்லை என்றால் பணம் கட்டாதீர்கள். நான் கற்றுக்கொண்ட பைத்தானும் எஸ்க்யூஎல்லும் பிறகு இலவசப் பாடங்களில் கற்றவைதான்.

ஆன்லைனில் ஃப்ரீலான்ஸ் வேலைக்கும் ஏலம் கேட்டுப் பார்த்தேன். ஒரு எக்செல் சுத்தம் செய்கிற வேலைக்கு உலகம் முழுவதிலிருந்தும் ஆள் வந்து நிற்கிறார்கள். நான் எவ்வளவு குறைத்துக் கேட்டாலும் எனக்குக் கீழே கேட்க ஒருவர் இருந்தார். அமெரிக்காவில் உள்ளவர்கள் எங்களைப் பார்த்து எப்படி உணர்ந்திருப்பார்கள் என்று அப்போது உடம்பால் உணர்ந்தேன். எழுதிக் கொடுத்தால் யாரும் செய்துவிடக்கூடிய வேலை என்றால், அதைச் செய்ய உலகத்தில் எப்போதும் ஒருவர் இருப்பார், இல்லையென்றால் ஒரு டூல் வந்துவிடும். அந்த வரிசையில் நின்று கொண்டு முன்னேற வழியே இல்லை.

வழி திறந்தது நான் எதிர்பார்க்காத பக்கத்தில். பெரியப்பா மகன் ஆம்பூரில் ஒரு ஷூ அப்பர் (ஷூவின் மேல்பகுதி) கம்பெனியில் கணக்கு பார்க்கிறார். 2023 ஆகஸ்ட் 1 முதல் வருஷ விற்பனை 5 கோடியைத் தாண்டிய எல்லோரும் மின் விலைப்பட்டியல், அதாவது இ-இன்வாய்ஸ் போட வேண்டும் என்று வந்தது. அதுவரை 10 கோடியாக இருந்த வரம்பு அது. ஜூலையில் அண்ணன் போன் பண்ணி, "பாப்பா, கம்ப்யூட்டர் தெரிஞ்ச ஆளு ஒருத்தரு வேணும், டேலியில போட்டா எல்லாம் எரர் வருது" என்றார். முதலாளி வயதான பாய். என்னைப் பார்த்ததும், "ஏம்மா, அமெரிக்கா கம்பெனிக்கெல்லாம் வேலை பார்த்த பொண்ணு, இந்தச் சின்ன வேலைக்கு வருவியா?" என்றார். வருகிறேன் பாய் என்றேன்.

ப்ரோக்ராம் எழுத அங்கே ஒன்றும் இல்லை. டேலி என்ற கணக்கு சாஃப்ட்வேரே இ-இன்வாய்ஸ் போடும். பிரச்சினை உள்ளே இருந்த விவரங்களில் இருந்தது. ஹைதராபாத் பார்ட்டிகள் எல்லாம் 2014க்கு முந்தைய பழக்கத்தில் ஆந்திரா என்றே இருந்தார்கள், ஜிஎஸ்டி எண்ணோ தெலங்கானாவின் 36இல் தொடங்கும். பின்கோடு ஒரு மாநிலம், முகவரி ஒரு மாநிலம். ஷூவுக்கான 6403க்கும் ஷூ பாகங்களுக்கான 6406க்கும் வித்தியாசம் பார்க்காமல் எச்எஸ்என் என்ற சரக்குக் குறியீட்டைப் போட்டிருந்தார்கள். நம் ஊர்ப் பார்ட்டிகள் பலர் இன்னும் வடாற்காடு மாவட்டத்திலேயே இருந்தார்கள். எல்லாவற்றையும் அண்ணனோடு உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சரிசெய்தேன். ஆகஸ்ட் முதல் தேதி முதல் பில் தடங்கல் இல்லாமல் போனது. பாய் 12,000 ரூபாய் கையில் கொடுத்தார். பதினோரு வருஷ சம்பளத்தில் எந்த மாதமும் எனக்கு அப்படி ஒரு நிறைவு வந்ததில்லை.

அதன்பின் அவர் கேட்டது வேறு விஷயம். டேனரியிலிருந்து வெட் ப்ளூ (முதல்கட்டம் பதனிட்ட) தோலை ஜாப் ஒர்க்குக்கு அனுப்பினால் திரும்பி வரும்போது கணக்கு இடிக்கிறது, வருஷக்கணக்காகச் சண்டை என்றார். இங்கேதான் என் பழைய வேலை கைகொடுத்தது. மெயின்பிரேம் பேட்ச் ஓட்டுபவர்களுக்குக் கட்டுப்பாட்டுத் தொகை என்பது ரத்தத்தில் ஊறியது. உள்ளே எத்தனை ரெக்கார்டு வந்தது, எத்தனை வெளியே போனது, எத்தனை தள்ளுபடி, மூன்றும் பொருந்தாமல் அடுத்த ஜாப் ஓடக் கூடாது. அதையே தோலுக்குப் போட்டேன். ஒவ்வொரு லாட்டும் எத்தனை பீஸ், எத்தனை சதுர அடி, எத்தனை ரிஜெக்ட் என்று ஒவ்வொரு கட்டத்திலும் எழுத வைத்தேன். பீஸ் கணக்கு கச்சிதமாக ஒத்துப்போனது, சதுர அடிதான் இடித்தது. இரண்டு இடத்திலும் போய் அளவு மெஷின் பக்கத்தில் நின்று ஒரே தோல்களை அளக்கச் சொல்லிப் பார்த்தேன். இரண்டு மெஷினும் வேறு வேறு அளவு காட்டின. யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. பாய் அன்றைக்கே ஜாப் ஒர்க் செய்பவருக்குப் போன் போட்டுப் பேசினார். இதை ராணிப்பேட்டையிலும் ஆம்பூரிலும் நேரில் நிற்காமல் யாராலும் கண்டுபிடித்திருக்க முடியாது. எழுதிய ப்ரோக்ராம் சின்னதுதான், அதையும் பாதி ஒரு ஏஐ டூலை வைத்துத்தான் எழுதினேன். எந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும் என்பதற்குத்தான் அவர் பணம் கொடுத்தார்.

நம் ஊரில் இருந்துகொண்டு வெளியே வேலை தேடுகிற தம்பி தங்கைகளுக்கு இதைத்தான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ராணிப்பேட்டை, மேல்விஷாரம், ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு என்று நம்மைச் சுற்றி ஏற்றுமதி செய்கிற தொழில் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் கொண்டுவந்த காடழிப்புத் தடுப்புச் சட்டத்தில் மாட்டுத் தோலையும் சேர்த்தது. அமலுக்கு வரும் தேதி ஒரு தடவைக்கு மேல் தள்ளிப்போனது, ஆனால் என் கிளையன்ட்களிடம் வெளிநாட்டு பையர்கள் அப்போதே தோல் எங்கிருந்து வந்தது என்று லாட் வாரியாகக் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். கிரஸ்ட் (பதனிட்டு உலர்த்திய, கடைசி மெருகு போடாத தோல்) என்றால் என்ன, லாட் எங்கே பிரிகிறது, எங்கே கலக்கிறது என்று தெரிந்த ஒரு ப்ரோக்ராமருக்கு இங்கே வேலை இருக்கிறது. தோல் வேண்டாம் என்றால் ஆஸ்பத்திரியைச் சுற்றி உள்ள லாட்ஜ்களைப் பாருங்கள். வங்காளதேசத்திலிருந்து வைத்தியத்துக்கு வருபவர்கள் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அவர்களைப் பற்றிய விவரத்தை அரசுக்கு ஆன்லைனில் ஏற்ற வேண்டும். ராத்திரி ஒரு மணிக்கு வருபவரின் பாஸ்போர்ட்டை ரிசப்ஷனில் இருக்கும் பையன் எப்படித் தப்பில்லாமல் பதிவு செய்வது என்று ஒரு லாட்ஜுக்கு முறை அமைத்துக் கொடுத்தேன். இன்றுவரை அவர்கள் மாதாமாதம் பணம் தருகிறார்கள். எந்தத் தொழிலாக இருந்தாலும் அதன் விதி ஏன் அப்படி இருக்கிறது என்று கேளுங்கள். வெளிநாட்டு கிளையன்ட்டிடம் வேலை செய்பவர்களும் இதையே செய்யலாம். டிக்கெட்டை (வந்த புகாரை) மூடுவதோடு நிற்காமல், அந்த பில் ஏன் நிராகரிக்கப்பட்டது என்று பிசினஸ் ஆட்களிடம் பேசுங்கள். 837, 835 பற்றி அப்படித் தெரிந்துகொண்டிருந்ததால்தான் அமெரிக்காவில் ஒரு சின்ன பில்லிங் கம்பெனி இப்போது என்னை நேரடியாக வாரத்தில் சில மணி நேரத்துக்கு வைத்திருக்கிறது.

விலைப் போட்டி இங்கேயும் வரும். "சென்னையில ஒருத்தர் பாதி விலைக்கு செய்றேன்றாரும்மா" என்று ஒரு முதலாளி சொன்னார். நான் குறைக்கவில்லை. மாசக் கடைசியில் கணக்கு நின்றால் அன்றைக்கே வந்து நிற்பேன், என் தப்பு என்றால் காசு வாங்காமல் சரிசெய்வேன், டேட்டா உங்கள் கம்ப்யூட்டரில் உங்கள் பெயரில் இருக்கும், என்னை நிறுத்தினாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று தாளில் எழுதிக் கொடுத்தேன். அவர் அங்கே போனார். ஏற்றுமதி பில் நின்றபோது போன் எடுக்க ஆளில்லை என்று திரும்பி வந்தார். எல்லோரும் திரும்பி வரவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

இன்னும் பழைய சம்பளத்தைத் தொடவில்லை. சில மாதம் 80,000 வரும், சில மாதம் 45,000தான். நிலைக்கு வர ஒன்றரை வருஷத்துக்கு மேல் ஆனது. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா நம் பொருள்களுக்கு 50 சதவீத வரி போட்டபோது ஷூ கம்பெனிகள் ஆர்டர் நின்று தவித்தன. எனக்கும் இரண்டு இடத்தில் பணம் தள்ளிப்போனது. ஒரே தொழிலை நம்பியிருந்தால் மறுபடியும் அதே குழியில் விழுந்திருப்பேன். லாட்ஜும் பில்லிங் கம்பெனியும் அந்த மாதங்களைத் தாங்கின. வருமானத்தில் பாதிக்கு மேல் ஒரே இடத்திலிருந்து வரவிடாதீர்கள்.

தனியாகத் தொழில் தொடங்குபவர்களுக்குக் கணக்கு விஷயத்தில் சில. முன்பணம் வாங்காமல் வேலையைத் தொடாதீர்கள், தெரிந்தவர், சொந்தக்காரர் என்றாலும் சரி. சேவைத் தொழிலில் வருஷ வரவு 20 லட்சத்தைத் தாண்டும் வரை பொதுவாக ஜிஎஸ்டி பதிவு கட்டாயம் இல்லை. வருமான வரியில் ஐடி தொழில் செய்பவர்களுக்கு ஒரு எளிய முறை இருக்கிறது (1961ஆம் வருஷச் சட்டத்தில் அது 44ஏடிஏ பிரிவு), வரவில் குறைந்தது பாதியை லாபமாகக் காட்டி வரி கட்டலாம், பெரிய கணக்குப் புத்தகம் தேவையில்லை. உங்களுக்குப் பொருந்துமா என்று ஆடிட்டரிடம் ஒரு தடவை உட்கார்ந்து கேளுங்கள், அந்த ஃபீஸ் வீண்போகாது. கம்பெனிகள் டிடிஎஸ் என்று வரியைப் பிடித்துக்கொண்டு மீதியைத்தான் கொடுப்பார்கள். பிடித்ததை உங்கள் பான் எண்ணில் கட்டினார்களா என்று வருமான வரித் தளத்தில் உள்ள உங்கள் வரி விவரத்தில் மூன்று மாதத்துக்கு ஒரு முறை பாருங்கள். ஒரு இடத்தில் எனக்குப் பிடித்ததைக் கட்டாமலே வைத்திருந்தார்கள், ரிட்டர்ன் போடும் நேரத்தில் பார்த்துக் கேட்ட பிறகுதான் கட்டினார்கள்.